இடுப்பில் குறைந்த நான்கு அங்குலம்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் 'கட்டிங் அக்கா'. பதினேழு வருடமாக நீள மேசையின் முன் நின்று துணி வெட்டுகிறவள். எட்டு மடிப்புத் துணியைப் பரப்பி, சாக்பீஸ் கோட்டின்மேல் கத்தரியை விட்டால் முனை பிசகாமல் போகும். ஆறு மாதமாக அந்தக் கத்தரி கைக்கு அடங்கவில்லை. காலையில் விரல் மடங்காது. பல் தேய்க்க இரண்டு கையும் வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் கை கையாகும்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். வாரத்தில் ஒரே ஒரு நாள், நான்கு மாத்திரை சேர்த்துப் போட வேண்டும். சீட்டை நீட்டிய டாக்டர், "எடையைக் குறைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஏன், எதற்கு, எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏழை உடம்புக்கு விளக்கம் எதற்கு என்ற நினைப்பு நம் ஆஸ்பத்திரிகளில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது.

விளக்கம் வேறு இடத்தில் தாராளமாகக் கிடைத்தது. குண்டாக இருப்பவளுக்கு வைத்தியம் சொல்ல ஊரில் யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. பட்டறை மேலாளர் அவள் தட்டை எட்டிப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். நாத்தனார் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கொழுப்பு சும்மா கிடக்கும் சதை இல்லையாம். அதிலிருந்து ஹார்மோன் கிளம்பி, ரத்தத்தில் ஏறி, மூட்டைப் போய் வீங்க வைக்குமாம்.

அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். பாதி உண்மையாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

தொளதொளத்த சட்டையை எங்கே அதிகமோ அங்கே பிடித்துத் தைத்துச் சரி செய்கிறவள் அவள். உடம்புக்கும் அதே கணக்கைப் போட்டாள். இரவுச் சாப்பாட்டை விட்டாள். ஞாயிறுதோறும் டேப்பை இடுப்பில் சுற்றி, அளவை அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் குறித்தாள். ஒரு அங்குலம் குறைந்ததும் நான்கு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தாள். அடுத்த அங்குலத்துக்கு அடுத்த மாத்திரை. நோய் எங்கிருந்து வருகிறதோ அதுவே கரையும்போது மருந்து எதற்கு? வீட்டுக்காரர், அவள் ஒதுக்கிய தட்டையும் சேர்த்துக் காலி செய்துகொண்டே, "நீ இளைக்கற, எனக்குத் தொந்தி போடுது. உன் நோய் எனக்கு வராம பாத்துக்கோ" என்றார்.

நான்காவது அங்குலத்தோடு மாத்திரை நின்றது. அதற்கு அடுத்த மாதம் இரண்டு மணிக்கட்டும் பன் மாதிரி வீங்கின. கத்தரி கோட்டை விட்டு விலகித் துணியின் நடுவில் வெட்டிவிட்டு, கையிலிருந்து நழுவி விழுந்தது. எட்டு மடிப்பும் பாழ்.

கத்தரியை எடுத்துக் கொடுத்தவர் பட்டறையில் இஸ்திரி போடும் பெரியவர். கிழித்த நார் போன்ற தேகம். அவர் விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். அவருக்கும் இதே நோயாம், ஒன்பது வருடமாக.

"உங்களுக்கு எங்கண்ணே இருக்கு கொழுப்பு?" என்றாள்.

"வாயில இருக்குன்னு என் பொண்டாட்டி சொல்லுவா" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் நான்கு மாதம் பட்டினி கிடந்தது எதற்காக?

இந்த முறை ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர், நடு வயதுப் பெண்மணி. அங்குலக் கணக்கை முழுவதும் கேட்டார். திட்டவில்லை. "இதை அன்னைக்கே உட்கார வச்சு சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு" என்றார். கொழுப்பிலிருந்து ஹார்மோன் வருவது நிஜம் என்றார். லெப்டின் என்று ஒன்று, உடம்பு பெருக்கப் பெருக்கக் கூடும், அழற்சியைத் தூண்டிவிடும். அடிப்போனெக்டின் என்று இன்னொன்று, இளைத்தால் கூடும், இதயத்துக்கு நல்லது.

"அப்ப இளைச்சது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா அந்த ரெண்டாவது, இந்த நோய் இருக்கறவங்க மூட்டுல அதிகமா இருக்கு. அது அதிகமா இருக்கற சிலருக்கு எலும்பு அரிச்சுப் போறதும் அதிகம்."

"இதயத்துக்கு நண்பன், மூட்டுக்கு எதிரியா?"

"இருக்கலாம். இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. குண்டா இருந்தா மருந்து சரியா வேலை செய்யறதில்லைன்னும் பார்த்திருக்காங்க, எக்ஸ்ரேல அரிப்பு கம்மியா இருக்கறதையும் பார்த்திருக்காங்க."

வீடியோக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை படித்தவருக்குத் தெரியவில்லையாம். யாரை நம்புவது?

"கொழுப்பு நோயைக் கூட்டலாம் குறைக்கலாம்மா. அது மட்டுமே நோய் இல்ல. எடை விஷயத்துல எனக்கே கேள்வி இருக்கு. மாத்திரை விஷயத்துல இல்ல. அதை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். மறுபடி தொடங்கும் மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கத்தரி வேண்டாம் என்று கடிதமும் கொடுத்தார்.

கடிதத்தைப் படித்த மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து பட்டன் தைக்கட்டும், லேசான வேலை என்றார். பதினேழு வருட மேசை ஒரே வாக்கியத்தில் போனது. "இளைச்சும் சரியாகலைன்னா வேற என்ன தப்பு பண்றீங்களோ" என்று சேர்த்துக்கொண்டார்.

"என் உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்கும் புரியல, டாக்டருக்கும் பாதிதான் புரியுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார் முழுசாப் புரிஞ்சுது?" என்றாள். ஊசியைக் கிள்ளிப் பிடிக்கத்தான் விரல் அதிகம் வேண்டும், பக்கத்து மேசையிலிருக்கும், துணி வெட்டும் கரண்ட் கட்டரை உள்ளங்கையால் தள்ளினால் போதும் என்றும் சொன்னாள்.

"அது ஆம்பளைங்க ஓட்டற மெஷின்."

"அப்படின்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

மேலாளர் கடிதத்தை மறுபடி புரட்டினார். அதில் கட்டரைப் பற்றி ஒன்றுமில்லை. மதியம் வரை பார்க்கலாம் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவள் சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமிற்று. மணிக்கட்டில் அதிர்வு ஏறியது. இது நல்லதா கெட்டதா என்பதும் தெரியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டும். இடது கையால் துணியை அமர்த்தி, வலது உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாள். கோடு முதல் வளைவில் நூலளவு விலகியது. நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி விட்டாள்.