நான்கு புள்ளியும் இரண்டு சாய்கோடும்

அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. கனடாவின் ஸ்காபரோவில், பள்ளிக்கூடங்களுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பத்து வருடமாக அங்கே இருக்கிறேன். குழுத் தலைவர் பதவி காலியானபோது, அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இவள் வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மேலாளர் என்னிடம் கேட்கவேண்டியதையெல்லாம் அவளிடம் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு மதியம், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணை, உந்த ரிப்போர்ட் கார்ட் இறக்கிற பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ.”

அது நான் எழுதியது. பெற்றோர் கேட்கும் கோப்பின் பெயர் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் வரும். அந்த இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் சர்வர் ஒரு கோப்புறை மேலே ஏறும். அப்படி ஏறி ஏறி யாருடைய கோப்பையும் எடுத்துவிடலாம். இது தெரியாதவனா நான்? அந்த மூன்று குறிகளையும் சேர்த்துக் கண்டால் அழித்துவிடும்படி ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் நான்கு புள்ளியும் இரண்டு சாய்கோடும் தட்டினாள். என் வரி நடுவிலிருந்த மூன்றை ஒழுங்காக அழித்தது. மிச்சம் ஒன்றோடொன்று ஒட்டி, நான் தடுத்த அதே மூன்றாக நின்றது. இன்னும் சிலமுறை தட்டியதும் சர்வரின் கடவுச்சொற்கள் திரையில் விரிந்தன.

“வேற ஆருக்கும் சொன்னனீரோ?”

“இல்லை அண்ணை. நீங்கள் எழுதினது எண்டு கண்டன். அதுதான் முதல் உங்களிட்ட வந்தனான்.”

நேரே மேலாளரிடம் போயிருக்கலாமே. நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

இரண்டு தடவை அழிக்கும்படி மாற்றினேன். எங்கள் அலுவலகத்தில் தன் வேலைக்குத் தானே ஒப்புதல் போட முடியாது. அன்று அவள்தான் இருந்தாள். அவளுக்கு அனுப்பினேன், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. “ஆறு புள்ளி, மூன்று சாய்கோடு” என்று எழுதியிருந்தாள். கீழே, அழிப்பதை விட்டுவிட்டு, கடைசியில் பாதை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, எங்கள் கோப்புறைக்கு வெளியே என்றால் மறுத்துவிடலாமே என்று ஒரு குறிப்பு. அது எனக்குத் தோன்றவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், தன் பழைய பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவர் என்று மேலாளர் என்னைப் பாராட்டினார். பிழையைக் கண்டது தான் என்று அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள்.

பதவி எனக்கே கிடைத்தது. இப்போது அவள் எழுதுவதற்கெல்லாம் ஒப்புதல் போடுவது நான்தான். ஒவ்வொரு வரியிலும் பிழை தேடுகிறேன். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.