வேகனின் இடது கைப்பிடி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. சேர்த்து அழகு பார்க்க எனக்கு ஆசையும் இல்லை. இதில் வரும் ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்கள் மாடல் ரயில் சங்கத்தில் அவருக்குப் பெயர் ‘துல்லியம்’. நக்கலாக நாங்கள் வைத்ததுதான். அவர் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அடுத்தவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேகனைக் கையில் எடுப்பார், மூக்கைச் சுளிப்பார், “பொம்மை நல்லாருக்கு” என்பார். வேகன் என்று சொல்ல வாய் வராது.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நிஜமான ரயில் யார்டில் வேலை பார்ப்பவன். ஓடும் வேகனின் பக்கவாட்டில் கைப்பிடியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டே போய், அதை அடுத்த வேகனோடு கோத்துவிடுகிற வேலை. அவனையும் துல்லியம் மதித்ததில்லை. எண்ணெய்க் கைக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்பார். ஆனால் படமும் அளவும் வேண்டுமென்றால் அவனைத்தான் விரட்டுவார்.

சங்கத்துக் கண்காட்சிக்கு இந்த முறை துல்லியம், தன் மச்சான் தினமும் தொற்றிக்கொண்டு போகும் வேகனையே செய்தார். யார்டுக்குள்ளேயே சுற்றும் பழைய மூடிய சரக்கு வேகன். அதே நிறம், அதே துரு, அதே எண். கடையில் வாங்கிய மாடலில் கைப்பிடி வெறும் பிளாஸ்டிக் மேடாகத்தான் இருக்கும். அதைப் பிளேடால் சீவிவிட்டு, ஊசித் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி, உள்பக்கமாகப் பசை வைக்க வேண்டும். வலது பக்கம் அப்படித்தான் செய்தார். இடது பக்கத்தைச் சீவியதோடு சரி. துளை போடவில்லை. கம்பியை மேலாகப் பசையில் ஒட்டிவைத்தார்.

“துளை போடலையா?” என்று மனைவி கேட்டாள்.

“கண்காட்சியில அது சுவர்ப் பக்கம். அங்க வர்ற குருட்டுக் கூட்டத்துக்கு இது போதும்.”

மறுநாள் காலையில் கம்பி மேசைமேல் கிடந்தது. திரும்ப ஒட்டினார். மதியம் மறுபடி கிடந்தது. எடுத்துப் பார்த்தார். கம்பி வெதுவெதுப்பாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ கையில் பிடித்திருந்தது போல.

அப்போதுதான் மச்சான் போன் செய்தான்.

“அத்தான், நம்ம வேகன்ல இடது கைப்பிடி காலைலேருந்து ஆடுது. நேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு.”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

“இல்ல... நீங்க அதைத்தான செய்யிறீங்க. அதான் சொன்னேன்.”

“ஃபிட்டர்கிட்ட சொல்லு.”

“அவரு நாளைக்குத்தான் வருவாரு.”

“அப்ப நாளைக்குப் பேசு” என்று போனை வைத்துவிட்டார். துளை போட அப்போதும் நேரம் இருந்தது. போடவில்லை. மூன்றாம் முறையும் அதே இடத்தில் அதே பசையைத்தான் வைத்தார்.

மாலை ஐந்து இருபது. வெளியே மழை இருட்டு. மேசை விளக்கு மட்டும் எரிந்தது. முதலில் ஒரு வாடை வந்தது. கிரீஸ்... நனைந்த இரும்பு... அந்த அறையில் இரண்டுமே கிடையாது.

பிறகு சத்தம். கடகட... கடகட... வேகன் மேசையில் அசையாமல் நின்றது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

குனிந்து பார்த்தார்.

இடது கைப்பிடி மெல்ல வெளிப்பக்கமாக வளைந்துகொண்டிருந்தது. தானாக. அதில் ஒரு ஆள் தொங்கினால் எப்படி வளையுமோ, அப்படி.

விரலால் பிடித்து அழுத்தியிருக்கலாம். பிடிக்கவில்லை. ஊர்ப்பட்டவர்களைக் குறை சொல்ல நீண்ட விரல்... ஒரு துண்டுக் கம்பிக்கு நீளவில்லை.

கீச்...

“அத்தான்...”

குரல். மிகச் சின்னக் குரல்.

டிக்.

கம்பி விழுந்தது.

கூடத்தில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

கைப்பிடி கழன்று சக்கரத்தடியில் விழுந்த மச்சானின் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால்கள் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் யார்டு ஃபிட்டர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இருவது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லங்க. கைப்பிடி இருந்த இடத்துல வெல்டிங் தடமே இல்ல. பிளேடு வெச்சு சீவின மாதிரி வழவழன்னு இருக்கு.”

துல்லியம் தன் விரலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தாள். நோயாளி இங்கே கொண்டுவரும்வரை இரும்புக் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாராம். கையிலிருந்து அதைப் பிரிக்கவே முடியவில்லை, உள்ளங்கைத் தோலோடுதான் வந்ததாம்.

“ஏதோ பசைங்க. எங்க டாக்டருக்கே புரியல. இன்னும் காயக்கூட இல்ல.”

அக்கா உள்ளே போய், கட்டுப்போட்ட தம்பியின் கையை முகத்தருகே கொண்டுபோனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட அடிக்கும் பசை வாடை அது. கையை மெத்தையில் மெதுவாக வைத்தாள். திரும்பி, பின்னாலேயே உள்ளே வந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“நீங்க வெளிய போங்க” என்றாள்.