தொண்ணூற்றாறாம் வருஷத்துத் தகடு

தோர்ன்பெரிக்காரர்கள் மாட்டிக்கொண்ட செய்தி எங்கள் ஊருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பெவ் கடையில் முட்டை தின்றுகொண்டிருந்தோம். மெர்ல் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினான்.

"புடுங்கிட்டாங்கப்பா! பதினாறு வருஷத்து வெற்றியையும் மொத்தமாப் புடுங்கிட்டாங்க!"

தோர்ன்பெரி பல்கலைக்கழகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது மைலில் இருக்கிறது. அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கென்றே ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. ஆறுகளைப் பற்றிய பாடமாம். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு பிள்ளையும் அதில் போய் உட்கார்ந்ததில்லை. எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். கடைசி நாலு வருஷம் அந்த மதிப்பெண்ணைப் போட்டதாகக் கையெழுத்திட்ட வாத்தியார் உயிரோடவே இல்லை. அதற்குத் தண்டனையாகக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அந்தப் பதினாறு வருஷத்து வெற்றிகளையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டது.

"செத்தவர் கையால 'ஏ' வாங்குறதுன்னா சும்மாவா ராசா?" என்றாள் பெவ், காபியை ஊற்றிக்கொண்டே. அவளுக்கு எழுபது வயசு. யாரையும் ராசா என்றுதான் கூப்பிடுவாள்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. எங்கள் கார்வெல் கல்லூரிப் பையன் ஒருவன் கல்லூரித் தலைவரின் காரை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தில் இறக்கியபோது அதை வயசுக் கோளாறு என்றோம். தோர்ன்பெரிப் பையன் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அது பரம்பரைப் புத்தி. எங்கள் அணியின் சின்னம் கோவேறு கழுதை. அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

மெர்ல் எங்கள் ரசிகர் மன்றத் தலைவன். டயர் கடை வைத்திருக்கிறான். விரல்விட்டு வருஷங்களை எண்ணிக்கொண்டே வந்தான். "தொண்ணூத்தஞ்சு போச்சு. தொண்ணூத்தாறு..." என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினான்.

எல்லோருக்கும் ஒரே நினைப்பு. பெவ்தான் அதைச் சொன்னாள். "அப்போ நம்ம ஆர்லன்?"

ஆர்லன் வாஸ் என்ற பெயர் இருநூறு மைல் சுற்றளவில் தெரியாத ஆள் இல்லை. ஆர்லனைத்தான் நிறையப் பேருக்குத் தெரியாது. தொண்ணூற்றாறு நவம்பரில் அவன் கார்வெலுக்குப் பந்து உதைக்கிறவன். வயசு இருபத்தொன்று. தோர்ன்பெரி பதினேழு, நாங்கள் பதினாறு, நான்கு நொடி பாக்கி. இருபத்தேழு கஜத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி எங்களுக்கு. அந்தப் பருவத்தில் அவன் பதினான்கு முறை அந்தத் தூரத்தில் உதைத்து ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பதினைந்தாவது வலது கம்பத்துக்கு வெளியே போனது. அவன் அப்பா எம்மெட் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். பதினான்காவது வரிசை. பந்து விழுந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறமாதிரி பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த இருக்கைக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

அடுத்த திங்களோ செவ்வாயோ, முடிதிருத்தும் கடையில் காகிதக் கப்பைக் குப்பைக்கூடையில் எறிந்தேன். வெளியே விழுந்தது. "பார்றா, ஒரு ஆர்லன் போட்டுட்டேன்" என்றேன். கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரு மாசத்தில் ஊர் முழுக்க அந்தப் பேச்சு. பத்து வருஷத்தில் அது பேச்சுகூட இல்லை, வெறும் சொல்லாகிவிட்டது. சாவியைக் கீழே போட்டாலும் ஆர்லன், காரை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாலும் ஆர்லன். இப்போது கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் அந்தப் பேரில் ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதே தெரியாமல் சொல்கிறார்கள். முதலில் சொன்னது நான் என்பதும் யாருக்கும் நினைவில்லை. எனக்கு இருந்தது.

அவன் ஊரைவிட்டு ஓடவில்லை. அதுதான் ஆச்சரியம். தபால் நிலையத்தின் பின்கட்டில் கடிதம் பிரிக்கிற வேலை. விடிவதற்கு முன்னால் உள்ளே போனால் மதியம் பின்வாசல் வழியாக வெளியே. சர்ச்சில் முதல் பாட்டு முடிந்த பிறகு பக்கவாசலில் நுழைவான், கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடுவான். கல்யாணம் ஆகவில்லை. ஜோலீன் என்று ஒரு பெண் இருந்தாள். அவளாக விட்டுப் போகவில்லை, இவன்தான் போன் பண்ணுவதை நிறுத்திக்கொண்டான். எதற்கும் கோபப்பட்டதாகவோ அழுததாகவோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மரத்துப்போன கால் மாதிரி ஊரில் இருந்தான். இருக்கிறது, நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சனிக்கிழமை தவறாமல் தானியக் கிடங்கின் பின்னால் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி ரேடியோவில் ஆட்டம் கேட்பான். மைதானம் அங்கிருந்து அரை மைல். ரேடியோ சில நொடி பிந்தி வரும். முதலில் காற்றில் சத்தம் வரும், பிறகு ரேடியோ அதற்குக் காரணம் சொல்லும். ஒருமுறை அந்தப் பக்கம் நடந்து போனபோது பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, காரணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

மெர்லுக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்களுக்கும் தோர்ன்பெரிக்கும் நடுவே ஒரு பழைய பால் கேன் உண்டு. ஜெயித்தவர்கள் அதை ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷத்து முடிவையும் பித்தளைத் தகட்டில் பொறித்து அதன்மேல் திருகியிருக்கும். "தொண்ணூத்தாறு தகட்டை ஆர்லனே கழட்டணும்" என்றான் மெர்ல். "மைதானத்துக்கு நடுவுல, இருபதாயிரம் பேர் பார்க்க! அந்தப் பாவத்தை இந்த ஊர் அன்னிக்குத்தான் கழுவும். கிளைட், நீ போய்ப் பேசு. அவங்கப்பா உன் சிநேகிதர்தானே?"

கிளைட் என்பது நான்தான். காப்பீட்டு முகவர். முப்பது வருஷமாக அணியின் பதிவேட்டை வைத்திருக்கிறவன். வருஷா வருஷம் வருகிற மன்றத்தின் கையேட்டை நான்தான் தொகுப்பேன். அதனால் அந்தக் கடையில் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. விதிப்படி தோர்ன்பெரியின் வெற்றிதான் அழியும். எங்கள் தோல்வி அழியாது. அவர்கள் ஜெயிக்கவில்லை, ஆனால் நாங்கள் தோற்றோம். கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும், விதி அதுதான். எல்லோரும் அத்தனை சந்தோஷமாக இருந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆர்லன் தன் வீட்டுச் சமையலறை மேசையில் எனக்குக் காபி வைத்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். வானிலை கேட்கிற முகத்தோடு கேட்டான்.

"வர்றேன்" என்றான்.

"பிடிக்கலன்னா வேணாம்ப்பா."

"பிடிக்கறதுக்கு என்ன இருக்கு? வரச் சொன்னா வர்றேன்."

பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அவங்க ஜெயிச்சது இல்லேன்னா, நமக்கு அது என்னவா ஆகுது கிளைட்? நீதானே புத்தகம் போடறே."

அவன் குரலில் ஏதோ ஒன்று அசைந்தமாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் நான் பார்த்த ஒரே அசைவு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். காகிதக் கப் நினைவுக்கு வந்தது.

"நாமதான் ஜெயிச்சோம்னு அர்த்தம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். "அப்பா இருந்திருக்கலாம்" என்றான். எம்மெட் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார்.

நவம்பரில் தோர்ன்பெரி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஆட்கள் கறுப்பு அங்கி போட்டு, செத்த வாத்தியார் வேஷத்தில் வந்து, தோர்ன்பெரிப் பக்கமாக மதிப்பெண் சீட்டுகளை வீசினார்கள். இடைவேளையில் பால் கேனைச் சக்கர வண்டியில் தள்ளி வந்தார்கள். ஒலிபெருக்கியில் ஆர்லன் வாஸ் என்றார்கள். மாணவர் பகுதியில் பாதிப் பேர் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் சர்ச்சுக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தான். மெர்ல் திருப்புளியைக் கொடுத்தான். நாலு திருகு. நிதானமாக ஒவ்வொன்றாகக் கழற்றி இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டான்.

"அந்த ஆட்டம் நடக்கவே இல்லை!" என்று ஒலிபெருக்கி கூவியது. இருபதாயிரம் பேர் எழுந்து அதையே திருப்பிக் கத்தினார்கள். நடக்கவே இல்லை, நடக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற மெர்ல் நிஜமாகவே அழுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை. சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. ஆர்லன் தகட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்து அவன் கையாட்டவில்லை. வலது கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து வெளியே போனான். அன்று நாங்கள் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

திங்கட்கிழமை மதியம் என் அலுவலகத்துக்கு வந்தான். பத்தொன்பது வருஷத்தில் முன்வாசல் வழியாக அவன் எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. கையில் எங்கள் மன்றத்தின் கையேடு. சனிக்கிழமை வாசலில் எல்லோருக்கும் கொடுத்தது. பழைய ஆட்டங்களின் முடிவுகள் இருக்கிற அதன் கடைசிப் பக்கங்களை ஊரில் படிக்கிறவன் யாரும் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

"தொண்ணூத்தாறுல தோல்வின்னு போட்டிருக்கே."

"விதி அப்படி ஆர்லன். அவங்க வெற்றியைத்தான் எடுப்பாங்க. நம்ம தோல்வி நம்மகிட்டயே இருக்கும்."

"அன்னிக்கு வீட்ல வேற சொன்னியே."

"பொய் சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். "நல்லதாப் போச்சு" என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்யவில்லை.

"நடக்கவே இல்லன்னு எல்லாரும் கத்தினாங்கல்ல, அப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. நடக்கவே இல்லன்னா, அவர் ஏன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமப் போனாரு?"

எனக்குப் புரியவில்லை. அவன் எந்த உணர்ச்சியும் இல்லாமல், முகவரி படிக்கிறமாதிரி சொன்னான்.

"அந்த நவம்பர்லேர்ந்து கூப்பிடல. எங்க போனாலும் யாராவது எதையாவது தவறவிட்டுட்டு என் பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க. கடையில, சர்ச் வாசல்ல. அவரால அந்தப் பேரை அப்புறம் வாயில எடுக்க முடியல. எடுத்தா, திட்டறமாதிரி இருக்கும்னு நினைச்சிருப்பாரு போல. மகனேன்னு கூப்பிடுவாரு. பதிமூணு வருஷம். ஆஸ்பத்திரியில கடைசி நாள்ல நர்ஸ் கேட்டா, இது யாருன்னு தெரியுதான்னு. என்னையே பார்த்தாரு. தெரியும்னு தலையாட்டினாரு. பேரைச் சொல்லல."

எம்மெட் பத்து வருஷத்துக்குமேல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். மகன் உதைக்க வரும்போதெல்லாம் "போடு ஆர்லன்!" என்று என் காது கிழியக் கத்துவார். அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. அவனுக்கு அது கிடைக்கவில்லை.

"ஆர்லன்" என்றேன். "அந்தப் பேச்சை ஆரம்பிச்சது நான்தான். முடிவெட்டற கடையில. ஒரு கப்பை எறிஞ்சேன்."

அவன் என்னைப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உள்ள விழுந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல."

"ம்."

எழுந்தான். கோட்டுப் பையிலிருந்து தகட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தான். பிறகு நாலு திருகையும் ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்தான்.

"நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்த வாசல் வழியாகவே போனான்.

அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தோர்ன்பெரி 17, கார்வெல் 16. போன வாரம் பெவ் கடையில் கல்லூரிப் பெண் ஒருத்தி கைக்குட்டைக் காகிதத்தைச் சுருட்டிக் கூடையில் எறிந்தாள். வெளியே விழுந்தது. "சே, ஆர்லன்!" என்றாள். பெவ்வும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் எழுந்து போய் அந்தக் காகிதத்தை எடுத்து உள்ளே போட்டேன்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் அந்தப் பெண். "நானே எடுத்திருப்பேனே."