பொழுது சாய்வதற்குள் ஒரு நாற்காலி

சென்னையில் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது தியாகராய நகரில் ஒரு ஓட்டலின் கை கழுவும் தொட்டிதான். அதில் நான் இன்னொருவனின் ரத்தத்தைக் கழுவியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டால் என் வாயைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். வீட்டில் எறும்பைக்கூட நசுக்காமல் முறத்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அம்மா பல்லில் தண்ணீர்கூடப் படாது. விளக்கைத் தேடிவரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகுமே, அதற்காக. அந்த வயிற்றில் நான் எப்படித்தான் பிறந்தேனோ!

தங்கையின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நான், அம்மா, தங்கை மூவரும் கிளம்பினோம். விடியும்போதே அம்மா புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள்.

“பட்டணத்துக்குப் போயும் கட்டுச்சோறா? மானம் போவுது. வச்சிட்டு வாம்மா.”

“எனக்கு சக்கரை மாத்திர கீதுடா. போட்டுக்கினு சாப்புடாம இருந்தா மயக்கம் வந்துரும்.”

“நான் இருக்கேன் இல்ல? பேஜாரு பண்ணாத, வா.”

சோற்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். முதலில் கடற்கரை, மயிலாப்பூரில் காபி, சவுகார்பேட்டையில் வளையல், கடைசியாகத் தியாகராய நகரில் புடவை. போன இடமெல்லாம் சண்டை. கடற்கரையில் ஆட்டோக்காரரோடு. சவுகார்பேட்டையில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி என் பாதத்தில் ஏறியது; ஓட்டியவரை இறக்கிச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், இரண்டு பொத்தான்கள் தெறித்து விழுந்தன. “அண்ணா, வேணாம்ணா, விடு,” என்று தங்கை அழுதாள். அம்மா குனிந்து பொத்தான்களைப் பொறுக்கி அவரிடம் கொடுத்தாள்.

புடவைக் கடைக்குள் நுழைவதே ஒரு போர். விலாவில் முழங்கை, குதிகாலில் செருப்பு, முதுகில் பை. யார் இடித்தாலும் திருப்பி இடித்தேன். முகூர்த்தப் புடவை முடிவாக நாலு மணி நேரம் ஆனது. நடுவில் அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு, “மாத்திர போட்டுட்டேன்டா, இருட்டறதுக்குள்ள எதனா சாப்புடணும், ஜல்தி,” என்றாள். வெளியே வந்தபோது வெயில் மாடிகளின் உச்சிக்குப் போய்விட்டது. அம்மாவின் விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன.

ஓட்டலில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இரண்டு பேர், சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று காத்திருந்தார்கள். ஒருவர் எழுந்தார். அந்த நாற்காலியில் ஒரு இளைஞன் உட்காரப்போனான். நான் இடையில் புகுந்து அம்மாவை உட்காரவைத்துவிட்டு, இட்லியும் தயிரும் சொன்னேன்.

“இன்னா சார், நான்தான மொதல்ல நின்னுக்கினு இருந்தேன்?”

உண்மைதான். அவன்தான் முதலில் நின்றான். “அம்மாவுக்கு முடியல தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பான். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை, கைதான் வந்தது. செவிட்டில் ஒன்று வைத்தேன். அவன் தண்ணீர் ஜக்கை எடுத்து என் நெற்றியில் அடித்தான். அப்புறம் எனக்குக் கண்மண் தெரியவில்லை. மேசையோடு சாய்த்து முகத்தில் குத்தினேன். மறுபடி குத்தினேன். அவன் உதடு கிழிந்தது. சாம்பார் வாளி கவிழ்ந்தது. நாலு பேர் பின்னாலிருந்து இழுத்த பிறகும் என் கால் அவனை உதைத்துக்கொண்டிருந்தது.

இதற்குள் அம்மாவின் முன்னால் இட்லி வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சாப்பிட்டிருக்கலாம். அம்மா எழுந்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தரையில் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைத் துடைத்தாள்.

“வலிக்குதாப்பா? என் புள்ளதாம்பா அடிச்சான். என்ன மன்னிச்சிருப்பா.”

ரத்தம் நிற்க நேரமானது. நான் தொட்டியில் கையைக் கழுவினேன். முதலாளி வந்து, “போலீசு வர்றதுக்குள்ள கெளம்புய்யா,” என்று எங்களை வெளியே தள்ளினார். தெருவில் விளக்குகள் எரிந்தன. மேலே வானம் கறுத்துவிட்டது. தங்கை இட்லியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கியிருந்தாள். அம்மா தொடவில்லை.

“உசுருக்கு ஆபத்துன்னா சாப்புடலாம்மா, பாவமில்ல,” என்று கெஞ்சினேன்.

“ஒரு பூச்சி சாவக் கூடாதுன்னுதான்டா இருட்டுல சாப்புடாம இருக்கேன். நீ வெளிச்சத்துலயே ஒரு மனுசனப் போட்டு மிதிச்சிட்டியே.”

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் அம்மாவின் தலை தங்கையின் தோளில் விழுந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் கத்திய கத்தலில் டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டி, திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே எங்களை இறக்கிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அம்மா கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. தங்கை சூடாக இட்லி வாங்கிவந்தாள். நான் தட்டை வாங்கி, ஒரு துண்டைப் பிட்டுத் தயிரில் தோய்த்து அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோனேன். என் விரல் முட்டியில் அவன் பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

“அந்தப் புள்ளைக்கு ஒதடு எப்டி கீதோ.”

“தெரியலம்மா. நீ சாப்புடு.”

அம்மா வாயைத் திறக்கவில்லை.

“இந்தக் கையால வேணாம்பா. அவகிட்ட குடு.”

தட்டைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஊட்ட, அம்மா நாலு இட்லியையும் சாப்பிட்டாள்.