ஆந்தைக்கு விற்ற படம்

சம்பா நடவன்று கேமராவோடு வயலில் விழுந்தேன். வரப்பில் ஒழுங்காக நடக்கத் தெரியாத தஞ்சாவூர்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இடுப்புவரை சேற்றில் இறங்கியபோதும் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். விரல் எதையோ அழுத்திவிட்டது. அந்தப் படத்தில் என் அக்கா சிரிக்கிறாள். கேமராவைக் கண்டாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள். அன்று இரண்டு கையிலும் நாற்று முடி இருந்ததால் மூட முடியவில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் என் தொழில். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். மூன்றாம் தடவைக்கு வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். நன்னிலத்தில் போட்டோக் கடை. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பேன் என்றாலும், எனக்குப் பேர் வாங்கித் தந்தது பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்கிற படம்தான். கும்பலில் கடுகளவு தெரியும் முகத்தைப் பிடுங்கி எடுத்து, கோட்டு மாட்டி, மூடிய கண்ணையும் திறந்து கொடுத்துவிடுவேன். டாக்டர் கைவிட்ட கேஸெல்லாம் என்னிடம்தான் வரும். "ஒன் கடைக்கு வர்ற மொகமெல்லாம் மாலைக்குத்தாண்டா போவுது. என்னய விட்டுரு" என்பாள் அக்கா.

கொரோனாவில் கல்யாணங்கள் நின்றபோது போனில் ஒரு போட்டோக்காரர் கூட்டத்தில் சேர்ந்தேன். உலகத்தின் எல்லா மூலையிலும் ஆள் இருந்ததால் எந்நேரமும் யாராவது காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் என்எஃப்டி விற்கக் கற்றேன். அது என்னவென்று இன்றைக்கும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. டிஜிட்டல் படத்துக்கு இணையத்தில் பட்டா போட்டு விற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா சிரிக்கும் படத்தைப் போட்டேன். இதில் ஒரே பிரதிதான் என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் மதிப்பு என்றார்கள். முகத்துக்குப் பதில் ஆந்தைப் படம் வைத்திருந்த ஒருவர் வாங்கினார்.

அக்காவிடம் ஓடினேன். "ஒன்ன வித்துட்டேங்க்கா."

"எந்த ஊருக்குடா?"

"தெரியல. ஆந்தைப் படம் போட்ட ஆளு."

"போயும் போயும் ஆந்தைக்கா என்னய வித்த? சரி, ஒங்கிட்ட இன்னும் இருக்கா அது?"

"இருக்கே, கம்ப்யூட்டர்ல."

அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் அப்பா ஒரு மா நிலம் வாங்கியபோது, விற்றவர் தாய்ப்பத்திரத்தைத் தராமல் வைத்துக்கொண்டு இன்னொருவருக்கும் அதையே விற்றுவிட்டார். அப்பா கோர்ட்டு வாசலிலேயே கிழவரானார். "வித்தா வித்ததுதான். பத்திரத்தக் கையில வச்சிக்கிட்டு விக்கிறவன் மனுசனாடா? அழி" என்றாள். கடைக்குப் போய் அழித்தேன், கேமரா கார்டில் இருந்ததையும் சேர்த்து.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் சிரித்து உருண்டார்கள். "அண்ணே, எடுத்தவன் வச்சிக்கலாம்ணே. அழிக்கச் சொல்லி எவன் சொன்னது?" என்றார் ஒரு கோயம்புத்தூர்க்காரர். விற்ற தளத்தில் படம் எப்போதும் இருக்கும், யாரும் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்படியே இருந்தது. விற்ற வீட்டைத் தெருவில் நின்று பார்க்கிறவன்போல அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எடுத்து வைத்துக்கொள்ள மட்டும் கை வரவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் செருப்படிதான்.

ஒரு கார்த்திகை மழையில் காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கா மகள் கடைக்கு வந்தாள். "மாமா, அம்மா சிரிக்கிற படம் ஒன்னு ஒங்ககிட்ட இருக்காமே. அதையே பெருசு பண்ணிக் குடுங்க." அவள் போனில் இருந்ததெல்லாம் ஒரு முந்தானை, ஒரு முதுகு, தடுக்கிற உள்ளங்கை. தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அக்கா போய்விட்டாள், இனி அடிக்க ஆளில்லை என்ற தைரியம். அக்கா மகள் கிளம்பியதும் தளத்தைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. ஆள் வரத்து நின்று சில மாதங்களுக்கு முன்பே மூடியிருந்தார்கள். கூட்டத்திலும் முக்கால்வாசிப் பேர் கலைந்திருந்தார்கள்.

விற்ற பதிவு தளத்துக்கு வெளியே, எல்லாருக்கும் பொதுவான ஒரு இணையப் பேரேட்டில் ஏறியிருந்ததால் அது மட்டும் இன்னும் இருந்தது. நான் ஆந்தைக்கு விற்றது வில்லங்கம் போட்டுப் பார்த்ததுபோல வரி பிசகாமல் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். கொள்ளிடம் படுகையைக் கரைத்துக்கொண்டு போனபின் பட்டாவை மட்டும் மடியில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று நானும் அந்த ஜாதியில் சேர்ந்தேன். ஆந்தைக்கு எழுதிக் கேட்டேன். நல்ல மனிதர். மறுநாளே பதில் வந்தது. தனக்குச் சொந்தமானது எங்கே போய்விடும் என்று தனியாக எடுத்து வைக்கவில்லையாம். வருந்துவதாக எழுதியிருந்தார். அந்த அம்மாள் யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தார் என்று கேட்டிருந்தார்.

மீதி இருந்தது ஆதார் அட்டை. அதில் எல்லாரையும்போல அக்காவும் திருடியாகத்தான் இருந்தாள். கண்ணைச் சரிசெய்தேன், நெற்றியை ஏற்றினேன். வாய்தான் கல்லாக இருந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வாய் என்று ஊரில் சொல்வார்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, எதிரே உட்கார்ந்து சிரித்துப் பார்த்தேன். ஊரையே சிரிக்க வைத்தவனுக்குத் தனக்கென்று ஒரு சிரிப்பு வரவில்லை. எத்தனையோ தடவைக்குப் பிறகு ஒன்று தேறியது. அந்த வாயை வெட்டி அவள் முகத்தில் ஒட்டினேன்.

பதினாறாம் நாள் வந்தவர்களெல்லாம் அப்படியே உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு என்றார்கள். அக்கா மகள் மட்டும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "வாயி ஒங்களோடதா மாமா?"

எல்லாவற்றையும் சொன்னேன், அழித்தது உட்பட. அவள் ஒன்றும் திட்டவில்லை. "அம்மா சொன்னதத்தானே செஞ்சீங்க. இருக்கட்டும்" என்று மாலையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

படம் இன்னும் அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. செத்தபின் தனக்கு விழப்போகும் மாலையில் வாய்க்கு உரியதை மட்டும் உயிரோடு முன்பணமாக வாங்கிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். போனால் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். யார் என்ன ஜோக்கு சொன்னாலும் அங்கே நான் சிரிப்பதில்லை. சிரித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.