உரிமத்துக்கு ஒரு சொத்தைப் பல்

பதினான்கு வருடம் பல் பிடுங்கியவளின் கையை, மாநில எல்லையைத் தாண்டி வந்த அன்றே கட்டிப் போட்டுவிட்டார்கள். கணவனுக்கு வேலை மாற்றல், கூடவே வந்தாள். அங்கே கொடுத்த உரிமம் இங்கே செல்லாது. மறுபடி தேர்வு எழுதி, வேலையைச் செய்து காட்டி, இந்த மாநிலத்துக் கவுன்சிலின் முத்திரையை வாங்க வேண்டும். அதுவரை யார் வாயிலும் கை வைக்கக் கூடாது. எல்லையைத் தாண்டினால் பல் என்ன நாற்பதாகிவிடுமா? அங்கேயும் முப்பத்திரண்டுதான், இங்கேயும் முப்பத்திரண்டுதான். ஆனால் கவுன்சில் அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று இதைக் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தின் ஓரம் மடங்கியிருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார்கள்.

வேறு வழியில்லாமல், பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் இருந்த பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தாள். கருவிகளைக் கழுவுவது, சிமென்ட் குழைப்பது, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது. கிளினிக்கை நடத்தியவர் இருபத்தாறு வயதுச் சின்ன டாக்டர். இவள் முதல் பல்லைப் பிடுங்கிய காலத்தில் அவருக்குக் கடைசிப் பால்பல் விழுந்திருக்கும். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. "அக்கா, லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்பார். ஊசியைத் தப்பான கோணத்தில் கொண்டுபோவார். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டு விளக்கைத் திருப்புவாள்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வுதான் பாக்கி. அதற்கு நோயாளியை நாமே தேடிப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்பது விதி. அங்கே அடைத்துக் காட்டுவதற்கு அவருடைய கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்க வேண்டும். அதை யாரும் தொட்டிருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் பார்த்தால் எனாமலைத் தாண்டியிருக்க வேண்டும், நரம்பை நெருங்கியிருக்கக் கூடாது. மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாலும் இவள் கண் அவர் கடைவாய்க்குத்தான் போயிற்று.

கடைசியில் பல் வீட்டிலேயே கிடைத்தது. கணவனின் தங்கை செருப்புக் கடையில் வேலை பார்த்தாள், இவர்களோடுதான் இருந்தாள். பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பாள். ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது இடப்பக்கக் கீழ்க் கடைவாயில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மறுநாளே, சின்ன டாக்டர் வருவதற்கு முன்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். நல்ல சொத்தை. ஆனால் எனாமலோடு நின்றுவிட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இறங்கணும். தேர்வுக்கு ஆறு மாசம் இருக்கு, அதுக்குள்ள சரியா வந்துடும்" என்று அன்று ராத்திரி வீட்டில் சொன்னாள் இவள்.

"சொத்தையைப் போய் வளர்க்கச் சொல்றீங்களே அண்ணி!" நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"அப்ப தினமும் ரெண்டு மிட்டாய் கூட வாங்கிட்டு வரேன்" என்றான் அண்ணன்.

மூவரும் சிரித்தார்கள். மிட்டாயை விடு, ராத்திரி பல் தேய்த்துவிட்டுப் படு என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதினான்கு வருடம் ஓதியவள், அன்று அதைச் சொல்லவில்லை. ஆறாவது மாதம் எடுத்த படத்தில் சொத்தை எள்ளளவும் பிசகாமல் விதிக்குள் நின்றது. பயிர் போட்டவளைப் போலப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தாள். வெட்கக்கேடு, ஆனால் மகிழ்ந்தாள்.

சாண் ஏறினால் முழம் சறுக்கத்தானே செய்யும்! தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது: தேர்வுக்கூடத்தில் பழுது பார்க்கிறார்கள், நாலு மாதம் தள்ளிவைப்பு.

மூன்றாவது மாதம் வலி தொடங்கியது. காலையில் தண்ணீர் குடித்தால் நாத்தனாருக்கு உச்சந்தலை வரை சுரீர் என்றது. பிறகு எதுவும் குடிக்காமலே வலித்தது. செருப்புக் கடையில் குனிந்து நிமிர முடியவில்லை என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள்.

"அண்ணி, தாங்க முடியலையே."

"இந்த மாத்திரையைப் போட்டுக்கோ. அந்தப் பக்கம் கடிக்காத. இன்னும் மூணே வாரம்மா, எனக்காகப் பொறுத்துக்கோ."

வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் பல்லை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வேர்வரை போய்விட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். படிக்கிற பிள்ளைகளுக்கே தெரிந்த வித்தை. இவள் தட்டவில்லை. இன்னொரு படமும் எடுக்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவளுக்கு யார் போய்த் தெரியப்படுத்துவது? நாத்தனாரும் பொறுத்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே செருப்பு விற்றாள்.

தேர்வுக்கூடத்தில் வரிசையாக இருபது நாற்காலி. இவளுக்குப் பதினேழாம் எண். படம் அங்கேயே எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றியிருந்த தேர்வாளர் அம்மாள் படத்தைப் பார்த்தார், பிறகு கருவியின் காம்பால் பல்லை லேசாகத் தட்டினார். நாத்தனார் போட்ட அலறலில் இருபது நாற்காலியும் திரும்பிப் பார்த்தது.

"வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு. சொத்தை ஈறுக்குக் கீழே வரை போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணினாலும் மேல கட்ட மிச்சம் ஒண்ணும் இல்ல. எடுத்துத்தான் ஆகணும்" என்றார் தேர்வாளர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எத்தனை வருஷம் டாக்டரா இருந்தீங்கன்னு எழுதியிருக்கீங்க?"

"பதினாலு."

தேர்வாளர், நோயாளி ஏற்புடையவர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன்பே இவளுடைய தேர்வு முடிந்துபோயிற்று. அடுத்த தேர்வு ஏழு மாதம் கழித்து என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

வெளியே வந்ததும் நாத்தனார் கேட்டாள், "அப்ப இனிமே பிடுங்கிடலாம்ல அண்ணி? நீங்களே பிடுங்கிடுங்களேன்."

அதைப் பிடுங்கும் உரிமை இவளுக்கு ஏது?

மறுநாள் காலை சின்ன டாக்டரின் நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்தாள். இவள் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் இரண்டாக உடைந்தது. வேரைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரமாயிற்று. இவள் கையில் கொடுத்திருந்தால் பத்து நிமிட வேலை.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு சின்ன டாக்டர் கடிந்துகொண்டார். "வீட்டுலயே அக்கா மாதிரி ஒருத்தர் இருக்காங்க. இவ்வளவு நாள் காட்டாம விட்டது யாரு தப்பு?"

மரத்துப்போன உதட்டோடு, வாயில் பஞ்சைக் கடித்தபடி நாத்தனார் சொன்னாள்: "என் தப்புதான் டாக்டர். பயத்துல யார்கிட்டயும் சொல்லல."

இல்லை, என் தப்புதான் என்று இவள் சொல்லியிருக்கலாம். அடுத்த விண்ணப்பத்துக்குச் சின்ன டாக்டரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். தட்டிலிருந்த கருவிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"சரி, போனது போகட்டும். வலது பக்கத்துலயும் ஒண்ணு லேசா ஆரம்பிச்சிருக்கு, பாருங்க" என்றார் சின்ன டாக்டர். "சின்னதுதான். அடுத்த வாரம் வந்தா அடைச்சுடலாம்."

நாத்தனார் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"இது உங்களுக்கு வேணுமா அண்ணி?"

"பைத்தியமா உனக்கு? அடைச்சுக்கோ" என்றாள் இவள்.

சொல்லத்தான் சொன்னாள். ஆனால் உடனே சொல்லவில்லை. லேசான சொத்தை, ஏழு மாதம், இந்தத் தடவை தள்ளிப்போகாமல் இருந்தால் சரியாக வரும் என்று மனம் ஒரு கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் வாய் திறந்தது. அந்தத் தாமதத்தை நாத்தனார் பார்த்துவிட்டாள். பல் போனதற்கு அழாதவள், அப்போதுதான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.