தோற்காத சீசன்

லாஸ்பேட்டை மைதானத்தில் சீசனின் கடைசி கால்பந்து ஆட்டம். உள்ளூர் அணி இதுவரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. முப்பது வருடங்களுக்கு முன் இதே அணி ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் ஆடியது; அதற்குப் பின் யாரும் அதைச் செய்ததில்லை. அந்தச் சாதனையைச் செய்தவர்களில் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் போட்டு ஜெயிக்கிறது. மூவரும் எழுந்து கைதட்டுகிறார்கள்.

"சொந்த டீம் தோத்ததுக்குக் கை தட்றாங்க பாருங்க சார்," என்கிறார் என் பக்கத்தில் இருக்கும் தட்டாஞ்சாவடி வெல்டர்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்கிறேன்.

"வருது. ஆனா இந்த ரெக்கார்டும் போயிட்டா அவங்கள யாருக்குத் தெரியும்?"

மூவரில் ஒருவர் இறங்கிப்போய், அழுதுகொண்டிருக்கும் கோல்கீப்பரிடம் கை நீட்டுகிறார். அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். நீட்டிய கை அப்படியே நிற்கிறது. வெல்டர் விறுவிறுவென்று இறங்கிப்போய் அதைப் பற்றிக் குலுக்குகிறார்.